மலைச்சரிவும் ஓடைக்கரையும்: தாவரக் கூட்டங்களை வகை பிரிப்பது எப்படி? சென்னையிலிருந்து தொடங்குபவர்களுக்கு

ஏப்ரல் மாதம் ஜவ்வாது மலையில் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். சரிவெல்லாம் இலை உதிர்ந்து சாம்பல் நிறத்தில் கிடக்கும். இடையிடையே பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாக ஒரு கோடு வளைந்து இறங்கும். அந்தக் கோடுதான் ஓடை. தண்ணீர் மேலே ஓடாவிட்டாலும் மண்ணுக்கடியில் ஈரம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மரங்கள் வேறு, இருபது அடி மேலே சரிவில் நிற்கும் மரங்கள் வேறு. மழை ஒன்றுதான், வெயில் ஒன்றுதான்.

இந்த வித்தியாசத்தைப் பார்ப்பது சுலபம். இன்னொருவர் அதே இடத்துக்குப் போய்ச் சரிபார்க்கும்படி எழுதி வைப்பதுதான் வேலை. ஒரே மாதிரியான இடங்களில் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வரும் மரம், செடி, கொடி, புல் ஆகியவற்றின் தொகுப்பைத்தான் தாவரக் கூட்டம் என்கிறோம். 'திரும்பத் திரும்ப' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஓடைக்கரையைப் பார்த்துவிட்டு ஒரு வகையை அறிவிக்க முடியாது.

கிளம்பும் முன் ஒரு விஷயம். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் காட்டுக்குள் நுழையும்போதே ஒரு பெயரோடு நுழைகிறார்கள். 'இது வறண்ட பசுமைமாறாக் காடு' என்று வாசலிலேயே முடிவு செய்துவிட்டால், அப்புறம் கண்ணில் படுவதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சி சொல்லும் மரங்கள்தான். எனவே பெயர் கடைசியில்தான். முதலில் அளவு, பட்டியல், ஒப்பீடு. கீழே சொல்லும் படிகளெல்லாம் அந்த வரிசையில்தான் வருகின்றன.

1. எங்கே பழகுவது?

நேரே மலைக்குப் போகாதீர்கள். முறை கைக்குப் பழகும்வரை ஊருக்குள்ளேயே செய்து பாருங்கள். சென்னையைச் சுற்றி இருப்பது கடலோரச் சமவெளியின் வறண்ட பசுமைமாறாக் காடும், அது வெட்டப்பட்டும் மேயப்பட்டும் சிதைந்து உண்டான புதர்க்காடும். ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வறட்சிதான். இருந்தும் வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற இந்தக் காட்டு மரங்கள் தடித்த சிறு இலைகளோடு ஆண்டு முழுக்கப் பச்சையாகவே நிற்கும்.

கிண்டி தேசியப் பூங்கா, நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர்க் குன்று, தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் எல்லாம் இந்த வகை நிலங்கள்தான். கிண்டிப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே. உள்ளே புள்ளிமானும் வெளிமானும் இருப்பதால் தரையோடு முளைக்கும் கன்றுகள் நிறைய மேயப்படும். பெரிய மரமும் இல்லாமல் சின்னக் கன்றும் இல்லாமல் நடுத்தர வயது மட்டும் இருந்தால், அதுவும் ஒரு தகவல்தான்; குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடைக்கரைக்குப் பதிலாக ஏரிக்கரை. புறநகரில் ஏதாவது ஒரு ஏரிக்குப் போய், தண்ணீர் விளிம்பிலிருந்து கரை உச்சிவரை மெதுவாக ஏறிப் பாருங்கள். முதலில் சம்பு, அடுத்து கோரை, அதற்கு மேல் கருவேலம், கரைமேல் பனை. சில மீட்டர் உயரத்துக்குள் பட்டை பட்டையாக மாறும். ஈரம் எப்படித் தாவரத்தைப் பிரிக்கிறது என்பதை இதைவிடக் குறைந்த செலவில் கற்க முடியாது. மரம் நட்டு வளர்த்த நகரப் பூங்காக்களில் பழகாதீர்கள். நட்டு வளர்த்த இடத்தில் எந்த மரம் எதன் பக்கத்தில் என்பதை மண் தீர்மானிப்பதில்லை, தோட்டக்காரர் தீர்மானிக்கிறார்.

அடுத்த கட்டம் மலை. வடமேற்கே நாகலாபுரம் மலை ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம். அது ஆந்திரத்தில் இருக்கிறது. தென்மேற்கே ஜவ்வாது, ஏலகிரி. இன்னும் தள்ளி ஏற்காடு, கொல்லிமலை.

அனுமதி பற்றி. காப்புக்காட்டில் கயிறு கட்டி அளக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். தேசியப் பூங்காவில் ஒரு இலையைக் கிள்ளுவதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். நாகலாபுரம், திருப்பதி பக்கம் செம்மரக் கடத்தல் காரணமாகக் கண்காணிப்பு கடுமையாக இருக்கும். அனுமதிக் கடிதம் இல்லாமல் டேப்பும் கயிறுமாக அங்கே அலைவது வம்பை விலைக்கு வாங்குவது.

2. வீட்டிலிருந்தே ஒரு வரைபடம்

செயற்கைக்கோள் படத்தில் உங்கள் மலையை இரண்டு பருவங்களில் பாருங்கள்: ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. ஜனவரியில் எல்லாம் பச்சை. ஏப்ரலில் எது பச்சையாகவே மிஞ்சுகிறதோ அது ஓடைக்கரை, அல்லது பசுமைமாறாக் காட்டுத் துண்டு, அல்லது மாந்தோப்பு. நேர்கோட்டு விளிம்பும் வரிசையும் தெரிந்தால் தோப்பு.

அப்புறம் அந்தப் படத்தின் மேலேயே உங்கள் அளவு இடங்களைக் குறித்துவிடுங்கள். உயரம், சரிவின் திசை, ஓடையிலிருந்து தூரம் இந்த மூன்றும் மாறும்படி குறியுங்கள். இப்படி வீட்டில் உட்கார்ந்து குறிப்பதற்குக் காரணம் உண்டு. களத்தில் போய் இடம் தேர்ந்தெடுத்தால் கால் தானாகவே நிழலான, அழகான, பெரிய மரம் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். முள்ளுப் புதரை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு சலுகை: குறித்த புள்ளி இரண்டு வகை நிலத்தின் எல்லையில் விழுந்துவிட்டால், சில மீட்டர் தள்ளி ஒரே சீரான இடத்தில் போடலாம். தள்ளியதைத் தாளில் எழுதிவிட வேண்டும்.

கண்ணுக்கு வேறாகத் தெரியும் ஒவ்வொரு நிலத்துக்கும் ஐந்து இடங்களாவது வைத்துக்கொள்ளுங்கள். பத்து என்றால் நிம்மதி.

பாறையையும் பாருங்கள். பல்லாவரம், வண்டலூர்க் குன்றுகள் சார்னோகைட் பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்தப் பாறைதான் என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். நாகலாபுரம் பக்கம் மலை வேறு: குவார்ட்சைட். செங்குத்தாக உடையும், மண் குறைவு, இடுக்குகளில் தண்ணீர் தேங்கும். ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு மலைகளின் தாவரம் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குழம்பும்போது காலுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

3. சாமான்

30 மீட்டர் டேப் ஒன்று. நைலான் கயிறு, ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. தையற்காரர் டேப். பென்சில், தாள், அட்டை. பேனா வேண்டாம், ஓடைக்கரையில் தாள் நனையும். இதெல்லாம் பாரிமுனையில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். உயரம், இடம், சரிவுக் கோணம் மூன்றையும் போனே சொல்லும். அடர்ந்த நிழலில் இடக்குறிப்பு ஐந்து, பத்து மீட்டர் விலகும். அதனால் பக்கத்தில் இருக்கும் பாறை, வளைவு போன்ற ஒரு அடையாளத்தையும் எழுதுங்கள்.

4. பிளாட் போடுவது

அளந்து கட்டிய துண்டு நிலத்தைக் களத்தில் எல்லோரும் பிளாட் என்றுதான் சொல்வார்கள். மரங்களுக்கு 10 × 10 மீட்டர், அதற்குள் புதர்களுக்கு 5 × 5, புல் பூண்டுக்கு 1 × 1 என்பது நம் நாட்டில் வழக்கமான அளவு. சதுரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை அளந்தால் 14.14 மீட்டர் வர வேண்டும்.

மலையில் ஒரு சிக்கல். சரிவின் மேல் பத்து மீட்டர் அளந்தால், வரைபடத்தில் அது பத்து மீட்டர் ஆகாது. 30 டிகிரிச் சரிவில் தரையோடு 11.55 மீட்டர் அளந்தால்தான் கிடைமட்டத்தில் பத்து வரும். இதைச் செய்யாமல் விட்டால் செங்குத்தான இடங்களில் மரம் குறைவு என்று பொய்யான முடிவு வரும்.

ஓடைக்கரையில் சிக்கல் வேறு. அங்கே தாவரம் ஒரு நாடா மாதிரி ஓடுகிறது. அகலம் ஐந்தாறு மீட்டர்கூட இருக்காது. அதில் 10 × 10 சதுரம் போட்டால் பாதி ஓடை, பாதி சரிவு. இரண்டும் கலந்து எந்த வகையும் தெரியாது. அதனால் ஓடையோடு நீளவாக்கில் 5 × 20 மீட்டர் போடுங்கள். பரப்பு அதே 100 சதுர மீட்டர், ஆகவே சரிவு பிளாட்டோடு ஒப்பிடலாம். இரண்டு கரைகளையும் தனித்தனியாக எடுங்கள். வெள்ளம் வெட்டும் கரையும் மணல் சேர்க்கும் கரையும் ஒரே தாவரத்தை வைத்துக்கொள்வதில்லை.

ஓடைக்கரைத் தாளில் மட்டும் சில கூடுதல் வரிகள் வேண்டும்: நீர்மட்டத்திலிருந்து பிளாட்டின் உயரம், அடியில் மணலா, வண்டலா, உருண்டைப் பாறையா, ஓடை ஆண்டு முழுக்க ஓடுமா, மழைக்கு மட்டுமா, வெள்ளத் தடயம் எவ்வளவு உயரத்தில். கடைசி விஷயத்துக்குக் கிளைகளைப் பாருங்கள். போன வெள்ளம் கொண்டுவந்த சருகும் வைக்கோலும் கிளை இடுக்கில் கூடு மாதிரி சிக்கிக் காய்ந்திருக்கும். அந்த உயரத்தை டேப்பால் அளந்து எழுதிவிட்டால் போதும்.

ஓடைக்குத் தண்ணீர் வரும் மேல்மலையில் மழை என்றால் ஓடைக்குள் இறங்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மலையோடையில் தண்ணீர் ஏறிவிடும்.

5. என்ன எழுதுவது?

ஒவ்வொரு மரத்துக்கும் இனம், சுற்றளவு. சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் எடுப்பார்கள், நாலரை அடி. உங்கள் சட்டையில் அது எத்தனையாவது பொத்தான் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மரத்திலும் அளக்க வேண்டியதில்லை.

சுற்றளவிலிருந்து அடிப்பரப்பு, அதாவது அந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, கணக்கிட, சுற்றளவின் வர்க்கத்தை 12.57ஆல் வகுக்க வேண்டும். 94 செ.மீ. சுற்றளவு என்றால் சுமார் 703 சதுர செ.மீ. வெட்டித் துளிர்த்த மரங்களில் ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் வரும்; உசிலில் இது சாதாரணம். அங்கே சுற்றளவுகளைக் கூட்டிவிட்டுப் பரப்பு காணக் கூடாது. 40 செ.மீ. தண்டுகள் இரண்டு என்றால் தனித்தனியாக 127, 127. மொத்தம் 254 அல்லது 255. கூட்டி 80 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 509 வரும், சரியாக இரண்டு மடங்கு. வெட்டுப்பட்ட சரிவை முதிர்ந்த காடாகக் காட்டும் வழி இதுதான்.

இரண்டாவதாக, ஒவ்வொரு இனமும் பிளாட்டில் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று ஒரு எண். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் பிரௌன்-பிளாங்கே வகுத்த அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. 5 சதவீதத்துக்குக் கீழே 1; 5 முதல் 25 வரை 2; 25 முதல் 50 வரை 3; 50 முதல் 75 வரை 4; அதற்கு மேல் 5. ஓரிரு செடி மட்டும் என்றால் கூட்டல் குறி. நூறு சதுர மீட்டரில் 5 சதவீதம் என்பது பக்கத்துக்கு இரண்டேகால் மீட்டர் உள்ள ஒரு சதுரம். அதை ஒருமுறை தரையில் கயிற்றால் போட்டுப் பார்த்துவிட்டால் கண் பழகிவிடும். இரண்டு பேர் தனித்தனியாக எண் போட்டு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. ஒருவர் 2, இன்னொருவர் 3 என்றால் பரவாயில்லை. 1க்கும் 4க்கும் சண்டை என்றால் யாரோ வேறு மரத்தைப் பார்க்கிறார்.

மேல்தட்டு, நடுத்தட்டு, புதர், தரை, கொடி என்று அடுக்குவாரியாக எழுதுங்கள். நாவல் மேல்தட்டில் இருந்து தரையில் ஒரு கன்றுகூட இல்லை என்பது அடுக்கு பிரித்தால்தான் தெரியும். வெட்டுக் கட்டை, தீயின் கரி, சாணி, பாதை ஆகியவற்றையும் விடாதீர்கள்.

6. மரத்தை அடையாளம் காண்பது

இங்கேதான் நேரம் போகும், போகட்டும்.

உள்ளூர்ப் பெயர் தங்கம், ஆனால் தனியாக நம்ப முடியாத தங்கம். 'பாலை' என்று ஒருவர் சொன்னால் அது உலக்கைப்பாலையா, வெட்பாலையா, ஏழிலைப்பாலையா, ஆற்றுப்பாலையா? முதலாவது இலுப்பைக் குடும்பம், அடுத்த இரண்டும் அரளிக் குடும்பம், கடைசியானது வில்லோ மரத்தின் உறவு. காயத்தில் பால் வடிவதுகூட எல்லாவற்றுக்கும் பொதுவில்லை. எனவே தாளில் முழு உள்ளூர்ப் பெயர், பக்கத்தில் அறிவியல் பெயர் இரண்டும் வேண்டும். ஜவ்வாதில் மலையாளிப் பழங்குடி மக்களில் ஒருவரை, உரிய கூலி கொடுத்து, கூட அழைத்துப் போங்கள். இலையே இல்லாத ஏப்ரலில் பட்டையைக் கீறி மணந்து பார்த்துப் பெயர் சொல்லுவார்கள். அந்த வயதான அய்யாவோ அம்மாவோ சொன்ன பெயரை அப்படியே, அவர்கள் உச்சரிப்பிலேயே எழுதி வையுங்கள், திருத்த வேண்டாம்.

குழப்பும் இரட்டையர் இரண்டைச் சொல்கிறேன். நீர்மருது, கருமருது இரண்டுக்கும் ஐந்து சிறகுள்ள காய். காயை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். பட்டையைப் பாருங்கள்: நீர்மருதுக்கு வழவழப்பாக வெளிறிய சாம்பல் நிறம், தகடு தகடாக உரிந்து அடியில் புதுத் தோல் தெரியும். கருமருதுக்குக் கறுத்து, கட்டம் கட்டமாக வெடித்து, முதலைத் தோல்போல இருக்கும். முன்னது ஓடையை விட்டு நகராது. பின்னது சரிவில் ஏறும். அதேபோல மூங்கில். முள் உள்ள பெருமூங்கில் ஈரப் பள்ளங்களில். முள் இல்லாத, உள்ளே ஏறக்குறைய கெட்டியான கல்மூங்கில் வறண்ட சரிவில். தாளில் வெறுமனே 'மூங்கில்' என்று எழுதினால் இரண்டு கூட்டங்களையும் பிரித்துக் காட்டும் சாட்சியையே அழித்துவிடுகிறீர்கள்.

ஓடைக்கரையில் கீழே கிடக்கும் காயை நம்பாதீர்கள். புங்கங்காய் தண்ணீரில் மிதந்து வரும். தாய் மரம் மேலே எங்கேயோ இருக்கும். தலைக்கு மேல் இருக்கும் இலையோடு பொருந்தினால் மட்டும் கணக்கு.

தெரியாத செடிக்கு ஒரு எண் கொடுத்துவிட்டு மேலே போங்கள். இலையின் இரு பக்கம், காம்பு அடி, பட்டை, பூவோ காயோ இருந்தால் அது என்று படம் எடுத்துவிடுங்கள். காம்படியை ஏன் சொல்கிறேன் என்றால், நீர்மருதில் இலையடியில் காம்போடு சேருமிடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும். தூரத்துப் படத்தில் அது வரவே வராது. வீட்டுக்கு வந்தபின் ஜே.எஸ். கேம்பிள் தொடங்கி சி.இ.சி. ஃபிஷர் முடித்த, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த சென்னை மாகாணத் தாவர நூல் இன்னும் உதவும். பெயர்கள் பல மாறிவிட்டன, ஆனால் அடையாளக் குறிப்புகள் கெட்டி. அனுமதியோடு சேகரித்த மாதிரி இருந்தால் உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் கோவை மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ ஒப்பிடலாம். போனில் படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளைக் குடும்பம் கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். புதர்க்காட்டுச் செடிகளில் அவை தைரியமாகத் தப்பு சொல்லும்.

பருவம்: வடகிழக்கு மழை ஓய்ந்து ஜனவரியில் ஒருமுறை, புல் பூண்டுக்காக. ஏப்ரலில் ஒருமுறை, எது இலை உதிர்க்கிறது, எது உதிர்க்கவில்லை என்று பார்க்க. ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் ஜனவரி.

7. அட்டவணையைக் கலைத்துப் போடுவது

எல்லாத் தாள்களையும் ஒரே அட்டவணையாக்குங்கள். நெடுக்கில் பிளாட், கிடையில் இனம், கட்டத்தில் மூடுஎண், அதாவது இனம் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று நீங்கள் போட்ட அந்த 1 முதல் 5 வரையான எண். முதலில் அது தலையும் வாலும் தெரியாமல் இருக்கும். இப்போது வரிசைகளை இடம் மாற்றுங்கள்: சேர்ந்தே வரும் இனங்களைப் பக்கத்தில் பக்கத்தில், ஒரே இனங்கள் உள்ள பிளாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில். பயிற்சிக்காக நான் கற்பனையாகப் போட்ட ஆறு பிளாட்டுகள், வரிசை மாற்றியபின் இப்படி இருக்கும்:

| இனம் | 1 | 3 | 5 | 2 | 4 | 6 |
|---|---|---|---|---|---|---|
| அத்தி | 1 | – | – | – | – | – |
| நாவல் | 1 | 2 | – | – | – | – |
| நீர்மருது | 4 | 3 | 1 | – | – | – |
| புங்கம் | 2 | 3 | 1 | – | – | – |
| உசில் | – | – | 2 | 1 | 2 | 2 |
| வெக்காளி | – | – | 1 | 3 | 3 | 2 |
| பொரசு | – | – | – | 2 | 1 | 2 |
| உண்ணிச்செடி | 2 | 1 | 3 | 2 | 2 | 1 |

இடது மேல் மூலையில் ஒரு கூட்டம், வலது கீழ்ப்பக்கம் இன்னொன்று. நீர்மருது, புங்கம், நாவல் ஒருபுறம். வெக்காளி, பொரசு, உசில் மறுபுறம். எண்கள் இல்லாத வெற்றுக் கட்டங்களைக் கவனியுங்கள். ஒரு கூட்டத்தை அடையாளம் காட்டுவது அதில் இருப்பவை மட்டுமல்ல, இல்லாதவையும்தான்.

அயல்நாட்டுக் களையான உண்ணிச்செடி எல்லாவற்றிலும் இருக்கிறது. எங்கும் இருப்பது எதையும் பிரித்துக் காட்டாது. ஐந்தாம் பிளாட்டில் அது 3 வரை ஏறியிருக்கிறது என்பது அந்த இடம் திறந்துபோனது, கலைக்கப்பட்டது என்று சொல்லலாம். காட்டின் வகையைச் சொல்லாது.

கண்ணால் பிரித்ததை எண்ணால் சரிபார்க்க 1948இல் சோரென்சன் தந்த எளிய கணக்கு இருக்கிறது. இரண்டு பிளாட்டுக்கும் பொதுவான இனங்களை இரண்டால் பெருக்கி, இரண்டின் இன எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு நெருங்கினால் ஒரே மாதிரி, பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை. பிளாட் 1இல் ஐந்து இனம், 3இல் நான்கு, பொதுவாக நான்கு: எட்டை ஒன்பதால் வகுத்தால் 0.89. பிளாட் 1க்கும் 2க்கும் பொதுவானது உண்ணிச்செடி மட்டும்: 0.22. அந்த 0.22ம் களைச்செடி தந்த ஒற்றுமைதான். அயல்நாட்டுக் களைகளைச் சேர்த்து ஒருமுறை, விட்டு ஒருமுறை கணக்குப் போடுங்கள். தாளிலிருந்து மட்டும் அழிக்காதீர்கள்.

பிளாட் 5தான் சுவையானது. ஓடைக்கரையான 1ஓடு 0.6, சரிவான 2ஓடு 0.67. இரண்டு பக்கமும் கை கொடுக்கிறது. உடனே 'இடைநிலைக் கூட்டம்' என்று மூன்றாவது வகை அறிவிக்க ஆசை வரும். ஒரு பிளாட்டை வைத்துச் செய்யாதீர்கள். அதே உயரத்தில், ஓடையிலிருந்து அதே தூரத்தில் இன்னும் சில பிளாட்டுகள் போட்டு, இதே கலவை திரும்ப வந்தால் அப்போது பேசலாம். வராவிட்டால் அது எல்லை, அவ்வளவுதான்.

பிளாட் நிறையச் சேர்ந்தபின் கணினிக்குப் போகலாம். ஆர் என்ற கணினி நிரல் மொழியில் வீகன் என்ற இலவசத் தொகுப்பு இந்த ஒப்பீடுகளையும், ஒத்த பிளாட்டுகளை ஒரே கிளையில் காட்டும் கிளைப்படங்களையும் போட்டுத் தரும். ஆனால் முதல் இருபது முப்பது பிளாட்டுகளையாவது கையால் வரிசை மாற்றிப் பழகுங்கள். கணினி எதைக் கொடுத்தாலும் கூட்டமாகப் பிரித்துத் தரும்; தப்பான அடையாளத்தைக் கொடுத்தால் அதையும் அழகாகப் பிரித்துத் தரும்.

எந்த மரம் முக்கியம் என்று சொல்ல மூன்று விஷயங்களைக் கூட்டுவது வழக்கம்: மொத்த மரங்களில் அதன் பங்கு, எத்தனை பிளாட்டில் வருகிறது என்பதில் அதன் பங்கு, அடிப்பரப்பில் அதன் பங்கு. மூன்றும் சதவீதம் என்பதால் எல்லா இனங்களுக்கும் சேர்த்து 300 வரும். ஓர் ஆலமரம் அடிப்பரப்பில் பிளாட்டையே விழுங்கினாலும், ஒரே பிளாட்டில்தான் இருக்கிறது என்றால் இந்தக் கணக்கு அதை அதன் இடத்தில் வைக்கும்.

8. இப்போது பெயர்

உங்கள் சொந்தப் பெயர் முதலில். இரண்டு அடையாள இனம், ஒரு நிலக்குறிப்பு, ஒரு தோற்றம்: 'நீர்மருது – புங்கம் ஓடையோரப் பசுங்காடு', 'வெக்காளி – பொரசு சரிவு இலையுதிர்காடு'. ஒரே மரத்தின் பெயரில் வைக்காதீர்கள். புங்கம் சென்னையில் தெருவோரத்தில்கூட நிற்கிறது.

அடுத்து, வனவியலாளர்கள் சாம்பியன், சேத் இருவரும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டோடு பொருத்துங்கள். வனத்துறைத் திட்டங்களெல்லாம் அந்த மொழியில்தான் பேசுகின்றன. அதில் 16 பெருந்தொகுதிகள். ஜவ்வாதுச் சரிவுகள் பெரும்பாலும் ஐந்தாம் தொகுதி, வெப்பமண்டல வறண்ட இலையுதிர் காடு. செம்மரக் காட்டுக்கும் அதற்குள்ளேயே தனி உட்பிரிவு உண்டு. சென்னைப் புதர்க்காடுகள் எதிலிருந்து சிதைந்து உண்டானவையோ அந்த வறண்ட பசுமைமாறாக் காடு ஏழாவது. நீலகிரி, பழனி உச்சிகளின் சோலை பதினொன்றாவது. ஓடையோரக் காட்டை ஐந்தாவதில் தேடி அலைய வேண்டாம். அது நான்காவதில், அலையாத்திக் காடுகளோடும் சதுப்புக் காடுகளோடும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறது. மலையோடைக்கும் முத்துப்பேட்டைச் சேற்றுக்கும் என்ன உறவு என்று கேட்டால், தண்ணீரால் உண்டான காடுகளை அவர்கள் ஒன்றாக வைத்தார்கள் என்பதுதான் பதில். எனக்கு அந்த ஏற்பாடு முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் பொதுப் பெயர் என்று ஒன்று இருப்பது, ஆளுக்கொரு பெயர் வைப்பதைவிட மேல்.

எதிலும் பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்றே எழுதுங்கள். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் வரிசைக்கும் தேக்குத் தோட்டத்துக்கும் காட்டு வகை தேட வேண்டியதில்லை. 'தோட்டம்' என்று போட்டால் போதும்.

9. திறவுகோல் எழுதிச் சோதிப்பது

கடைசியாக, உங்கள் வகைகளைப் பிரிக்கும் ஒரு சிறு திறவுகோல் எழுதுங்கள். ஏப்ரலில் மேல்தட்டுப் பச்சையாக இருக்கிறதா? ஆம் என்றால், ஓடையிலிருந்து எத்தனை மீட்டருக்குள்? நீர்மருதோ புங்கமோ 2 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா? இப்படி, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளும், டேப்பால் அளக்கக்கூடிய கேள்விகளும் மட்டும். 'அடர்த்தியாக இருக்கிறதா' என்பது கேள்வியே இல்லை, யாருக்கு அடர்த்தி?

அதை உங்கள் கூட வராத ஒரு நண்பரிடம் கொடுத்து, நீங்கள் அளக்காத ஒரு ஓடைக்கு அனுப்புங்கள். வழியில் போன் போட்டுச் சந்தேகம் கேட்க அனுமதிக்காதீர்கள். அவர் எந்தக் கேள்வியில் நின்றுவிட்டாரோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். இரண்டு வகைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறார் என்றால், அந்த இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று அட்டவணைக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். மூலத் தாள்களின் படத்தையும், இடக்குறிப்பையும், பிளாட் அளவையும் திறவுகோலோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். அடுத்த ஏப்ரலில் அதே பிளாட்டுக்கு வேறு யாராவது போக வேண்டியிருக்கும்.